பன்னிரண்டு ஐங்கோணங்கள்

ஆடி மாதம் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. இங்கே தென்னாப்பிரிக்காவில் ஆடி என்றால் குளிர்காலம்; கூழ் இன்னும் கொஞ்சம் ருசிக்கும். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மாரியம்மன் கோயில் பின்கட்டில், எண்பதை நெருங்கும் ஓர் ஆயா அண்டாவைத் துழாவிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, நீ லேப்லதானே வேலை செய்யிறே? எய்ட்ஸ் வராம இருக்க வருஷத்துக்கு ரெண்டே தடவை ஊசி போட்டா போதும்னு ரேடியோவில சொன்னாங்களே, அதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க? எதையாச்சும் கலந்து கலந்து பார்த்தாங்களா, இல்ல கண்ணால பார்த்துச் செஞ்சாங்களா?"

மூலக்கூறு உயிரியல் படிக்க வரும் பிள்ளைகள் மூன்று வருடம் கழித்துக் கேட்கும் கேள்வி இது. "ரெண்டும்தான் ஆயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது சரியான பதில்தான், ஆனால் போதாது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ஆயா சொன்ன மருந்தின் பெயர் லெனகாபவிர். 2024-ல் முடிவு வெளியான ஒரு சோதனையில், தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 2,134 இளம்பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்த மருந்தை ஊசியாகப் போட்டார்கள். ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்றவில்லை. சுமார் 80 லட்சம் பேர் அந்த வைரஸோடு வாழும் நாட்டில், அதிலும் பாதிப்பு மிகுந்த எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், இது சும்மா கேட்டுவிட்டுப் போகிற செய்தி இல்லை. எங்கள் தெருவிலேயே பெயர் சொல்லாமல் புதைத்த பிள்ளைகள் உண்டு.

இந்த மருந்து பிடிப்பது வைரஸின் உள்கூட்டை. கேப்சிட் என்பார்கள். வைரஸின் மரபுப்பொருளைச் சுற்றி ஐஸ்கிரீம் கோன் வடிவத்தில் ஒரு கூடு. ஒரே வகைப் புரதம் சுமார் 1,500 பிரதிகள் சேர்ந்து கட்டியது. ஆறு ஆறாகச் சேர்ந்த அறுகோணங்கள்தான் சுவரின் பெரும்பகுதி. பக்கத்துப் பக்கத்துப் புரதங்கள் இரண்டு தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஒரு குழி இருக்கிறது. மருந்து போய் உட்காருவது அந்தக் குழியில். உட்கார்ந்தால் கூடு விறைத்துப்போகிறது. ஒழுங்காகக் கட்டவும் முடியாது, வேண்டிய நேரத்தில் வேண்டிய மாதிரி அவிழவும் முடியாது.

அந்தக் குழியை யார் பார்த்தது, எதைக் கொண்டு பார்த்தது என்பதுதான் உயிர் இயற்பியல் நுட்பங்கள் என்கிற பாடமே.

சாதாரண நுண்ணோக்கி இதற்கு உதவாது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதிக்குக் கீழே இருக்கும் எதையும் அந்த ஒளியால் பிரித்துக் காட்ட முடியாது. எச்.ஐ.வி. முழுசாகவே 100, 120 நானோமீட்டர்தான். இரண்டு கார்பன் அணுக்களுக்கு நடுவே உள்ள தூரமோ 0.154 நானோமீட்டர். ஆகவே எக்ஸ் கதிருக்கோ எலக்ட்ரானுக்கோ போகவேண்டும். போனாலும் கிடைப்பது புகைப்படம் இல்லை. புள்ளிகள், நிழல்கள், வளைகோடுகள். அவற்றிலிருந்து உருவத்தை நாம்தான் கணக்குப் போட்டு எடுக்கவேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடியும் அந்த வேலைதான் என் பிழைப்பு: புரதத்தைச் சுத்தம் செய்வது. பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவையோ வைரஸ் மரபணுவையோ ஏற்றி, அது செய்துதரும் புரதத்தை ஆயிரக்கணக்கான மற்ற புரதங்களிலிருந்து பிரித்து எடுக்கவேண்டும். செல்லை உடைத்த கலவை பார்க்கக் கஞ்சித்தண்ணீர் மாதிரி இருக்கும். நம் புரதத்தில் மட்டும் ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களை வாலாகத் தைத்திருப்போம். அந்த வால் நிக்கல் பூசிய மணிகளில் ஒட்டும், மற்றதெல்லாம் கழுவிப் போகும். அப்புறம் அளவு பார்த்துப் பிரிக்கும் ஒரு நீளக் குழாய். இத்தனைக்கும் பிறகு உப்பு கொஞ்சம் கூடினாலோ சூடு கொஞ்சம் ஏறினாலோ கூழில் கட்டி விழுகிற மாதிரி புரதம் திரண்டுவிடும். கூழையாவது கரண்டியால் உடைத்துவிடலாம். திரண்ட புரதத்தைச் சாக்கடையில் கொட்ட வேண்டியதுதான்.

நான் முன்பு இருந்த ஓர் ஆய்வகத்தில் நான்கு மாத வேலையை ஒரே வாரயிறுதியில் இழந்தேன். லோட் ஷெடிங் என்கிற முறை வைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்த காலம். ஜெனரேட்டர் தானாகவே ஓடத் தொடங்கும் என்று எல்லோரும் எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். யாரும் டீசல் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரைத் திறந்தால் தரையெல்லாம் தண்ணீர். எந்தப் பெரிய கருவியும் அந்தக் குழாய்களிலிருந்து இனி ஒன்றும் சொல்லப்போவதில்லை. இந்தத் துறைக்கு வருகிற பிள்ளைகளிடம் கருவியின் விலையைச் சொல்லி மிரட்டுகிறார்கள். ஃப்ரீசரைப் பற்றிச் சொல்லியிருந்தால் கொஞ்சம் உருப்படியாக இருக்கும்.

சுத்தமான புரதம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வழி, படிகம். கற்கண்டு விளைவிப்பது போலத்தான்: கரைசலை மெல்ல மெல்லக் கெட்டியாக்கினால், அதிர்ஷ்டம் இருந்தால், புரதங்கள் வரிசையாக அடுக்கி உட்காரும். எக்ஸ் கதிரை அதன்மேல் விட்டால் மறுபக்கம் புள்ளிக்கோலம் விழும். கோலப்புள்ளியை மட்டும் பார்த்து மறைந்திருக்கும் சிக்குக்கோலத்தைக் கண்டுபிடிப்பது மாதிரி, அந்தப் புள்ளிகளின் இடத்தையும் கருமையையும் வைத்து அணுக்களின் இடத்தைக் கணக்கிடுவார்கள்.

கேப்சிட் புரதம் இதற்கு லேசில் மசியவில்லை. ஆறு ஆறாகச் சேருவது அதன் இயல்புதான், ஆனால் குழாய்க்குள் ஆறாக நிலைத்து நிற்காது. 2009-ல் ஒரு தந்திரம் பலித்தது: பக்கத்துப் புரதங்கள் சந்திக்கும் இடத்தில் கந்தகம் உள்ள அமினோ அமிலங்களை வைத்து, ஆறையும் பூட்டுப் போட்டுக் கட்டிவிட்டார்கள். கட்டிய ஆறு படிகமானது. குழி துல்லியமாகத் தெரிந்தது. பின்னால் லெனகாபவிர் உட்கார்ந்திருக்கும் கோலத்தைக் காட்டியதும் அப்படிப் பூட்டிய ஆறுதான். இதற்கிடையே, எண்ணற்ற வேதிப்பொருள்களைக் கலந்து கலந்து பார்த்த இன்னொரு கூட்டத்துக்கு, அதே குழியில் உட்காரும் பலவீனமான ஒரு பொருள் தற்செயலாகச் சிக்கியிருந்தது. குழியின் உருவம் தெரிந்ததால் எந்தப் பக்கம் எதை நீட்டினால் இன்னும் இறுக்கமாகப் பொருந்தும் என்று திட்டமிட முடிந்தது. ஆயாவிடம் ரெண்டும்தான் என்றேனே, அது இது.

நல்ல படிகத்துக்கு நல்ல எக்ஸ் கதிர் வேண்டும். அதைத் தருவது சின்க்ரோட்ரான்: எலக்ட்ரான்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் வட்டமாக ஓடவிட்டு, அவை திரும்பும்போது சிதறும் எக்ஸ் கதிரைப் பிடிக்கும் நிலையம். பிரான்சில் கிரெனோபிள் நகரில் இருப்பதன் சுற்றளவு 844 மீட்டர். ஆப்பிரிக்கக் கண்டம் முழுக்கத் தேடினாலும் ஒன்று கிடையாது. தென்னாப்பிரிக்கா 2013 முதல் அந்தக் கிரெனோபிள் நிலையத்தில் ஒரு சிறு பங்காளி. அதனால் நம் படிகங்கள் திரவ நைட்ரஜன் ஊறிய குடுவைக்குள் கூரியரில் விமானம் ஏறுகின்றன. நாம் இங்கே கணினி முன் உட்கார்ந்து, நடு இரவில், அங்கே இருக்கும் ரோபோவிடம் அடுத்ததை எடு என்று சொல்கிறோம். சுங்க அலுவலகத்தில் ஒரு நாள் கூடுதலாக நின்றால் அவ்வளவுதான்.

கணக்கு முடிந்து உருவம் வந்ததும், அது நம்பக்கூடியதா என்று பார்க்க முதலில் போடும் வரைபடம் ஒரு தமிழ்நாட்டுச் சரக்கு. 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் போட்டது; ராமச்சந்திரன் வரைபடம் என்பார்கள். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எதில் திரும்பினால் அணுக்கள் முட்டிக்கொள்ளும் என்பதைக் காட்டும் படம் அது. இன்றைக்கும் உலகில் யார் புரத உருவத்தைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்தாலும் அந்தச் சோதனையின் முடிவு கூடவே ஒட்டப்படும். அதன் பெயரை வெள்ளைக்கார மாணவர்கள் நாக்கு சுளுக்க உச்சரிப்பதைக் கேட்கும்போது கொஞ்சம் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

சரி, படிகமே ஆகாத புரதங்களை என்ன செய்வது? இங்கேதான் டர்பன் ஊர் கதைக்குள் வருகிறது.

ஆரன் க்ளூக் பிறந்தது லித்துவேனியாவில், 1926-ல். மூன்று வயதாகும் முன்பே குடும்பம் டர்பனுக்கு வந்துவிட்டது. டர்பன் ஹை ஸ்கூலில் படித்தார். அதே ஊரில், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக 1860 முதல் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளியின் வாசல் அப்போது திறக்காது. அது வெள்ளையருக்கு மட்டும். இந்தியர்களுக்கென்று ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி இந்த ஊரில் வந்ததே 1961-ல்தான், அதுவும் சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன கொட்டகைகளில். இந்த ஊரிலிருந்து ஒரு நோபல் என்று பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

க்ளூக் ஜோகன்னஸ்பர்க்கில் பட்டம் முடித்து, கேப் டவுனில் ஆர்.டபிள்யூ. ஜேம்ஸ் என்பவரிடம் எக்ஸ் கதிர்ப் படிகவியல் கற்றார். இந்த ஜேம்ஸ் லேசுப்பட்ட ஆள் இல்லை. துருவப் பயணி ஷாக்கிள்டனோடு அண்டார்ட்டிகாவுக்குப் போய், கப்பல் பனியில் நசுங்கி, எலிஃபண்ட் தீவில் கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு அடியில் மாதக்கணக்கில் கிடந்த கூட்டத்தில் அவர் இயற்பியலாளர். அவரிடமே கேப் டவுனில் படித்த இன்னொரு மாணவர் ஆலன் கோர்மாக். 1956-ல் க்ரூட் ஸ்கூர் மருத்துவமனையில் கதிரியக்கப் பொருள்களைக் கண்காணிக்க ஓர் இயற்பியலாளர் தேவைப்பட்டது. கோர்மாக் வாரத்தில் ஒன்றரை நாள் போனார். நோயாளியின் உடம்புக்குள் எந்த இடத்தில் எவ்வளவு எக்ஸ் கதிர் உறிஞ்சப்படுகிறது என்று தெரியாமலே சிகிச்சை கொடுக்கிறார்களே என்ற உறுத்தலில், பல கோணங்களில் எடுத்த அளவுகளிலிருந்து உள் உருவத்தைக் கட்டும் கணக்கைப் போட்டார். அதுதான் பின்னால் சி.டி. ஸ்கேன். 1979-ல் அவருக்கு நோபல். அந்தக் கணக்கை ராடான் என்பவர் 1917-லேயே போட்டுவிட்டார் என்பது கோர்மாக்குக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது.

க்ளூக் செய்ததும் அடிப்படையில் அதே வேலை, லட்சம் மடங்குக்கும் மேல் சிறிய பொருளுக்கு. தைப்பூசக் காவடியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து நிழல் எடுத்தால் ஒரு அரைவட்டம். பக்கவாட்டில் எடுத்தால் ஒரு தடி மாதிரி. மேலிருந்து எடுத்தால் இன்னொன்று. எந்த நிழலும் காவடி இல்லை. ஆனால் எந்தக் கோணத்து நிழல் எது என்று தெரிந்து எல்லாவற்றையும் சேர்த்தால் காவடி முழுசாக எழுந்து நிற்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கி தரும் படமும் நிழல்தான். 1968-ல் க்ளூக்கும் டேவிட் டிரோசியரும் பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் வாலை அந்த வகையில் முப்பரிமாணமாகக் கட்டிக் காட்டினார்கள். 1982-ல் வேதியியல் நோபல். ஒரே வாத்தியாரின் இரண்டு மாணவர்கள், ஒரே புதிர், ஒன்று உடம்புக்கு, ஒன்று வைரஸுக்கு.

அதற்கு முன்பே, 1962-ல், டொனால்ட் காஸ்பரோடு சேர்ந்து க்ளூக் இன்னொன்றும் சொல்லியிருந்தார். பல வைரஸ்களின் கூடு ஒரே புரதத்தை அறுகோணமும் ஐங்கோணமுமாக அடுக்கிக் கட்டியது. ஐங்கோணங்கள் மட்டும் எப்போதும் பன்னிரண்டு. இதை ஞாயிறு தமிழ் வகுப்பில் ஒருநாள் பிள்ளைகளிடம் சொன்னேன். நம்பவில்லை. ஒருத்தி வெளியே ஓடிப்போய்ப் பழைய கால்பந்தைக் கொண்டுவந்து, கறுப்புத் துண்டுகளைச் சாக்பீஸால் குறித்துக் குறித்து எண்ணினாள். பன்னிரண்டு. வெறும் அறுகோணத்தை எத்தனை ஒட்டினாலும் தட்டையான பாய்தான் வரும். இடையில் ஐங்கோணம் நுழைந்தால் பாய் குழியும். பன்னிரண்டு நுழைந்தால்தான் முழுசாக மூடும். ஒரு பையன் அட்டையில் வெட்டி, பதினொன்றிலேயே மூடிக்காட்டுகிறேன் என்று முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினான். செல்லோடேப் ஒரு சுருள் போனது.

எச்.ஐ.வி.யின் கோன் வடிவக் கூடு பந்து இல்லை, ஆனால் கணக்கு அதேதான்: அகன்ற முனையில் ஏழு ஐங்கோணம், குறுகிய முனையில் ஐந்து. டர்பனில் வளர்ந்த ஒருவர் சொன்ன வடிவக்கணிதத்தின் உறவுக்கூட்டம்தான் இந்த மாகாணத்தை வாட்டும் வைரஸுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

இன்றைய க்ரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்த நிழல் வேலையின் வளர்ந்த பிள்ளை. மூன்று மில்லிமீட்டர் அகல உலோக வலையில் ஒரு துளி கரைசலை வைத்து, தாளால் ஒற்றியெடுத்து, திரவ ஈத்தேனுக்குள் சட்டென்று அமிழ்த்தவேண்டும். மெதுவாக உறைந்தால் தண்ணீர் பனிப்படிகமாகி எல்லாவற்றையும் குத்திக் கிழிக்கும். அதிவேகமாக உறைந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். புரதம் நீந்திக்கொண்டிருந்த கோலத்திலேயே சிலையாகும். படிகம் வேண்டாம். இதற்கு வழி திறந்த ஜாக் துபோஷே, யோவாகிம் ஃப்ராங்க், ரிச்சர்ட் ஹெண்டர்சன் மூவருக்கும் 2017-ல் நோபல். ஹெண்டர்சன் இருந்தது க்ளூக் தலைமை வகித்த அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில். செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமின் உருவத்துக்காக 2009-ல் நோபல் பெற்ற, சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனும் அங்கேதான்.

இந்தக் கருவி ஒரு பழைய தவற்றைத் திருத்திய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். செல்லின் கருவுக்குள் போகும் துளையை முன்பு செல்லிலிருந்து பிய்த்து எடுத்து அளந்தார்கள்: சுமார் 40 நானோமீட்டர். எச்.ஐ.வி. கூட்டின் அகன்ற பக்கமோ சுமார் 60. ஆகவே கூடு வெளியிலேயே உடைந்து, உள்ளிருப்பது மட்டும்தான் கருவுக்குள் போகவேண்டும் என்று பலரும் எழுதினார்கள். 2021-ல், செல்லை முழுசாக உறையவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்துப் பார்த்தார்கள். செல்லுக்குள் இருக்கும்போது துளை 60-க்கும் மேல் அகலம். கூடு முழுசாகவே அதற்குள் நுழைந்துகொண்டிருந்தது. முன்பு அளந்தவர்கள் தப்பாக அளக்கவில்லை. அவர்கள் கையில் இருந்தது, பிய்த்தபோது சுருங்கிப்போன துளை. ஒரு கட்டுரையில் எண்ணைப் பார்த்தால் கருவி என்ன என்று கேட்பதோடு நிறுத்தாமல், மாதிரி எந்த நிலையில் இருந்தது என்றும் கேட்கும் பழக்கம் எனக்கு இதைப் படித்த பிறகுதான் வந்தது.

உருவம் தெரிந்துவிட்டது. ஆனால் பிடி எவ்வளவு இறுக்கம்? அதை எந்தப் படமும் சொல்லாது. அதற்கு எஸ்.பி.ஆர். என்று ஒரு முறை. தங்கப்படலம் பூசிய ஒரு சிறு கண்ணாடி. அதன் ஒரு பக்கம் புரதத்தை ஒட்டியிருப்போம், மறுபக்கம் ஒளி பட்டுத் திரும்பும். புரதத்தின்மேல் எதுவும் வந்து ஒட்டினால் ஒளி மங்கும் கோணம் இம்மியளவு நகரும். மருந்துக் கரைசலை ஓடவிட்டதும் திரையில் கோடு ஏறும். மேலே போய்ச் சமமாகும். பிறகு வெறும் உப்புத்தண்ணீரை ஓடவிட்டால் இறங்கத் தொடங்கும். ஏறுவது எத்தனை வேகத்தில் ஒட்டுகிறது என்பது. இறங்குவது எத்தனை வேகத்தில் விடுகிறது என்பது. சுமாரான மருந்தில் கோடு விழுந்தடித்து இறங்கும். நல்லதில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் கோடு அப்படியே நிற்கும். லெனகாபவிர் கேப்சிட்டைப் பிடித்தால் விடாத ரகம்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடுகிறேன். ஆறு மாதம் தாங்குவது இந்த இறுக்கப் பிடியால் மட்டும் இல்லை. மருந்து தண்ணீரில் அவ்வளவு லேசில் கரையாதது. தோலுக்கடியில் ஒரு கிடங்காகத் தங்கி மெல்ல மெல்லக் கசிகிறது. பிடி இறுக்கமாக இருப்பதால் அந்தச் சின்னக் கசிவே போதுமானதாகிறது. இரண்டும் சேர்ந்துதான் ஆறு மாதம்.

மற்ற முறைகளை நீட்டப்போவதில்லை. புரதம் அசையும் விதம் வேண்டுமென்றால் என்.எம்.ஆர்.; எடை வேண்டுமென்றால் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்; ஒட்டும்போது வெளிப்படும் சூட்டை அளக்க ஐ.டி.சி.; லேசர் ஒளியாலேயே இடுக்கிப் பிடித்து ஒற்றை மூலக்கூறை இழுத்துப் பார்க்க ஒளி இடுக்கி, செல்லுக்குள் சுமை தூக்கும் கைனசின் என்ற புரதம் எட்டு நானோமீட்டர் எட்டு நானோமீட்டராக அடியெடுத்து வைப்பதை அதில் பார்த்தார்கள். எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள முயல்பவர் எதையும் உருப்படியாகக் கற்றதில்லை. ஒன்றில் கை பழகவேண்டும். மற்றவை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்தால் போதும்.

புரத உருவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். புரதம் எப்படி மடியும் என்பதை அது அசத்தலாகச் சொல்கிறது. 2024 நோபல் தகும். ஆனால் 2020 கடைசியில் இந்த நாட்டில் கண்டறியப்பட்ட பீட்டா என்ற கொரோனா திரிபை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முள் புரதத்தில் 501-ஆம் இடத்து மாற்றம் மனிதச் செல்லைப் பிடிக்கும் பிடியை இறுக்கியது. 417-ஆம் இடத்து மாற்றம் அதே பிடியைத் தளர்த்தியது. மடிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசமெல்லாம் கோடு ஏறி இறங்கிய வேகத்தில். தளர்த்துகிற மாற்றத்தை வைரஸ் ஏன் வைத்துக்கொண்டது என்றால், அது சில எதிர்ப்புப் பொருள்களிடமிருந்து தப்பிக்க உதவியது. இதை யாரோ ஒருவர் உட்கார்ந்து அளந்துதான் சொல்லவேண்டியிருந்தது.

படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். கோடி கோடியாகக் கொட்டும் கருவி உங்கள் கல்லூரியில் இல்லை என்று ஒதுங்காதீர்கள். உலகம் முழுக்கக் கண்டறிந்த புரத உருவங்கள், இரண்டு லட்சத்துக்கும் மேல், புரோட்டீன் டேட்டா பேங்கில் இலவசமாகக் கிடக்கின்றன; 1971-ல் ஏழே ஏழோடு தொடங்கியது. நுண்ணோக்கியின் மூலப்படங்கள்கூட எம்பியார் என்ற களஞ்சியத்தில் கிடைக்கும், அவற்றைக் கணக்கிடும் ரிலியான் மென்பொருளும் இலவசம். இங்கே டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு வீட்டு மேசையில் உட்கார்ந்து, நல்ல கணினியும் பொறுமையும் இருந்தால், நிழல்களைச் சேர்த்து உருவம் கட்டிப் பார்க்கலாம். கணக்கில் பயம் இருந்தால், எந்த வடிவத்தையும் அலைகளாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியே மாற்றத்தை மட்டுமாவது விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் பாதி பூட்டுகளுக்கு அதுதான் சாவி.

அடுத்த ஞாயிறு கோயிலில் ஆயாவைப் பார்த்தபோது கால்பந்து, காவடி, கூழ்க்கட்டி எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அதெல்லாம் சரிம்மா, பேத்திக்குப் போடணும்னா எங்கே குத்துவாங்க? வலிக்குமா?" என்றார். வயிற்றுத் தோலுக்கடியில், ஒரு தடவைக்கு இரண்டு ஊசி, முதல் இரண்டு நாள் மாத்திரையும் உண்டு, குத்திய இடத்தில் சின்னதாக ஒரு கட்டி கொஞ்ச மாதம் இருக்கலாம் என்றேன். "கட்டின்னா அதான் நீ சொன்ன கிடங்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தட்டில் எனக்கு இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார்.